கம்பளிப்புழு ரயில்ல ஒரு காலி சீட்டு

அந்தப் பையை இப்படிக் குடு கண்ணு, நான் மடியில வெச்சுக்கறேன். கனமெல்லாம் ஒண்ணுமில்லை. அடுத்தவங்க பையைப் பாத்துக்கறதுல எனக்கு நெம்ப நாள் பழக்கம். சேவூர்ல பாதி பஸ்ஸு எறங்கிரும், அப்ப நீயும் உக்காந்துக்கலாம்.

பாரு, நான் சொன்னேன்ல. வா, சன்னல் பக்கம் வேணுமா? வேண்டாமா, சரி. பை என்கிட்டயே இருக்கட்டும்.

எனக்கு ஊரு கோபி. வீட்டுலயே மிசின் போட்டுத் தெச்சுட்டு இருக்கறேன். கொழந்தைக துணி மட்டுந்தான். பெரியவங்க துணியை எடுத்துட்டு வந்தா வேற கடைக்கு அனுப்பிருவேன். கொழந்தைகளுக்கு எனக்கு அளவு டேப் கூட வேண்டியதில்லை. வயசைச் சொன்னாப் போதும், ஒரு இன்ச்சு முன்ன பின்ன இருக்காது.

எனக்கு எத்தனைன்னு தானே கேக்க வந்தே. வாய் வரைக்கும் வந்து முழுங்கிட்டே, பாத்துட்டேன். கேளு, பரவால்லை. இல்லை. கலியாணமாகிப் பதினேழு வருசம். அஞ்சாவது வருசம் ஒண்ணு தங்குச்சு, மூணரை மாசத்துல போயிருச்சு. அது எத்தனையோ பேருக்கு ஆகறது தான். ஆஸ்பத்திரியில இருந்து வந்த மக்யா நாளே, ஒரு நாள் கூடப் படுக்காம, நான் மிசின்ல உக்காந்துட்டேன். தீபாவளித் துணி குமிஞ்சு கெடந்துச்சு, ஊர்க்கொழந்தைக என்ன பண்ணும். அப்பறம் அதைப் பத்தி நான் ஒரு பேச்சுப் பேசுனதில்லை. எங்கூட்டுக்காரரையும் பேச விட்டதில்லை. ஒருக்கா என்னமோ ஆரம்பிச்சாரு, பட்டன் டப்பாவைக் கையில குடுத்து நெறம் பிரிக்கச் சொல்லிட்டேன்.

அவரு ஸ்கூல் வேன் ஓட்டறாரு. பத்து வார்த்தை கேட்டா ஒரு வார்த்தை வரும். அப்பேர்ப்பட்ட மனுசன் தான் எனக்கு இப்படி ஒரு துரோகம் பண்ணிட்டாரு. பொம்பளை சமாச்சாரம்னு நெனைச்சுக்காதே. அதா இருந்தா நாலு பேருகிட்டச் சொல்லி அழுதிருப்பேன், அவங்களும் சேந்து திட்டியிருப்பாங்க. இதை யாருகிட்டச் சொல்றது? நீ நம்பியூர்ல எறங்கிப் போயிருவே. அதனால சொல்றேன்.

அவிநாசிக்கு அந்தாண்ட ஒரு பார்க்கு இருக்குதில்ல, ராட்டினம், தண்ணி சறுக்கு எல்லாம் வெச்சு? இப்ப அங்கிருந்து தான் வர்றேன். ஆமா, நான் ஒருத்தியா.

மொதமொத அங்க போனது எங்க நாத்தனா குடும்பத்தோட. அண்ணி, பாவம் நீங்களும் வீட்டுலயே கெடக்கறீங்க, வாங்கன்னு கூப்புட்டா. உண்மையில எதுக்குக் கூப்புட்டாங்கறது அங்க போனதுக்கப்பறம் தெரிஞ்சுச்சு. எட்டுப் பை, பதினோரு ஜோடி செருப்பு, ஒரு குண்டாவுல தக்காளிச் சாதம். எல்லாத்தையும் ஒரு பெஞ்சுல எறக்கி, அண்ணி சித்தெ நேரம் பாத்துக்கங்கன்னு சொல்லிட்டு எல்லாரும் ஓடிட்டாங்க. கொழந்தை இருந்தா நீ கொழந்தையோட போவே. இல்லைன்னா பைக்குக் காவல். இது எங்க சொந்தத்துல யாரும் எழுதாத சட்டம்.

அந்தப் பெஞ்சுக்கு நேர் எதிர்ல தான் கம்பளிப்புழு ரயிலு. பச்சைக் கலரு, ஆறு பெட்டி, தலையில ரெண்டு கொம்பு, கொம்பு நுனியில பல்பு. மெதுவாப் போயி சிமெண்டுல கட்டுன ஒரு பெரிய காளானுக்குள்ள பூந்துரும். உள்ள கும்மிருட்டு. வெளிய வர்றப்ப மேல இருந்து தண்ணி தெளிக்கும். நாலே நிமிசம். போறது மூணு வயசு, நாலு வயசு வாண்டுக. கூடவே அதுகளோட அம்மா அப்பனுக. கொழந்தைகளை விட அவங்க தான் நெம்பக் கத்துவாங்க. நான் ஏழு வயசுலயே களையெடுக்கப் போனவ கண்ணு. அந்த ரயில்ல ஏறோணும்னு எனக்கு வந்த ஆசையை என்னன்னு சொல்றது. செருப்பைக் காவல் காத்துட்டு நாள் பூரா அதையே பாத்துட்டு உக்காந்திருந்தேன்.

அடுத்த வருசம் நானே அவருகிட்டச் சொன்னேன். ஏனுங், நாம ரெண்டு பேரு மட்டும் போலாமுங்க, பையில்லாமன்னு. சரின்னாரு. பங்குனியில போலாம்னாரு. எதுக்கு இந்த வெயில்லன்னேன். பங்குனி தான் தோதுன்னாரு.

போனோம். ரயிலுக்கு முன்னால ஒரு போர்டு. பெரியவங்க கொழந்தையோட வந்தாத் தான் ஏறலாமாமா. தொப்பி போட்ட ஒரு ஆளு, பேரு ஆறுச்சாமி, கொழந்தை எங்கீங்கம்மான்னு கேட்டாரு. இல்லீங்கன்னேன். அப்ப ஏத்த முடியாதுங்கன்னாரு. நான் விடலை. ஏனுங்க, கேட்டுல எங்ககிட்டப் பெரியவங்க டிக்கெட்டு தானே வாங்குனீங்க, கொழந்தை இல்லைன்னு கொறைச்சா வாங்குனீங்க? பெத்தவங்களுக்கு மட்டுந்தான் சிரிக்கறதுக்கு லைசென்சா? கொழந்தை பக்கத்துல இருந்தா நாப்பது வயசுக்காரன் கத்துனா அது ஆசை, இல்லாம நான் கத்துனா அது கிறுக்கான்னு கேட்டேன்.

நாயமான கேள்வி தானே? நீயே சொல்லு. ஆனா சுத்தி நின்னவங்க ஒரு மாதிரியாப் பாத்தாங்க. ஒருத்தி அவ புள்ளையைத் தன் பக்கமா இழுத்துக்கிட்டா. அதைப் பாத்ததும் எனக்குக் கண்ணுல தண்ணி வந்திருச்சு. மூஞ்சி கழுவிட்டு வர்றேன்னு அவருகிட்டச் சொல்லிட்டுப் போயிட்டேன்.

திரும்பி வந்து பாக்கறேன், கேட்டைத் தெறந்து வெச்சுட்டு, தொப்பியைக் கழட்டிக் கையில வெச்சுட்டு ஆறுச்சாமி நிக்கறாரு. வாங்கம்மாங்கறாரு. நான் என்ன நெனைப்பேன்? நம்ம பேச்சுல நாயம் இருந்துச்சு, மனுசன் யோசிச்சுப் பாத்துட்டாருன்னு தானே நெனைப்பேன்?

அன்னைக்கு நான் கத்துன கத்து இருக்குதே. காளானுக்குள்ள இருட்டானதும் ஒரு கத்து, தண்ணி விழுந்ததும் ஒரு கத்து. எறங்கறப்ப வயிறு வலிக்கச் சிரிச்சுட்டு எறங்குனேன்.

அதுலிருந்து வருசா வருசம் பங்குனியில போவோம். நடுவுல கொரோனாவுக்கு விட்டது தான். ஆறுச்சாமி எங்களை மறக்கவே இல்லை. எப்பவும் மொதப் பெட்டி. எங்களுக்கு முன்னால கொழந்தைக உக்கார்ற சின்னச் சீட்டு ஒண்ணு இருக்கும். அதுல வேற யாரையும் ஏத்த மாட்டாரு. கூட்டம் அலைமோதுனாலும் அது காலியாத் தான் போகும். காலை நீட்டிக்கறதுக்கு விடறாருன்னு நான் நெனைச்சுக்கிட்டேன். ஒருக்கா என் செருப்பைக் கூடத் தூக்கி அதுல வெச்சேன், எங்கூட்டுக்காரரு சட்டுனு எடுத்துக் கீழ வெச்சுட்டாரு. வண்டி கெளம்பறதுக்கு முன்னால அந்தச் சீட்டுல ஒரு மாம்பழ ஜூஸ் பாக்கெட்டைக் கொண்டாந்து வெப்பாரு ஆறுச்சாமி. ஸ்ட்ராவும் குத்தி வெச்சிருப்பாரு. வாடிக்கையா வர்றவங்களுக்கு மரியாதை பண்றாங்கன்னு நான் எடுத்துக் குடிச்சிருவேன். எங்கூட்டுக்காரரு ஒரு வாய் கேட்டதில்லை. அவருக்குச் சக்கரை இருக்குது, அதனால தான்னு விட்டுட்டேன்.

இதை ஊர் பூராச் சொல்லியிருக்கறேன் கண்ணு, அது தான் மானக்கேடு. எங்க வீதியில பிரேமான்னு ஒரு புள்ளை, அதுக்கும் கொழந்தையில்லை. தைரியமாப் போயி நாயத்தைப் பேசு, விடுவாங்கன்னு நான் தான் அனுப்பி வெச்சேன். அது போயிட்டு வந்து, அக்கா, விடவே மாட்டேன்னுட்டாங்க, எல்லாரும் வேடிக்கை பாத்தாங்கன்னு அழுதுச்சு. உனக்குப் பேசத் தெரியலைன்னு அதைத் திட்டுனேன். பாரு, நான் அதைத் திட்டுனேன்.

இந்த வருசம் போனோம். பதினஞ்சு நாளாச்சு. அவரு வேனை நெழல்ல நிறுத்திட்டு வர்றேன்னு போயிட்டாரு, நான் முன்னால போயிட்டேன். ரயிலுகிட்டப் புதுசா ஒரு சூப்பர்வைசரம்மா, கையில வாக்கிடாக்கி. கொழந்தை இல்லாம ஏத்த முடியாதுங்கன்னாங்க. எனக்கு உள்ளுக்குள்ள ஒரு சந்தோசம் கூட. பழைய நாயம் எல்லாம் நாக்கு நுனியில இருக்குது, மறுபடியும் ஒருக்கா ஜெயிக்கலாம்னு வாயைத் தெறந்தேன். அதுக்குள்ள ஆறுச்சாமி ஓடி வந்து அந்தம்மாவைத் தள்ளிக் கூட்டிட்டுப் போனாரு. ரகசியமாத் தான் சொன்னாரு. ஆனா அங்க பாட்டுச் சத்தம் ஜாஸ்தி, ரகசியத்தையும் கத்தித் தான் சொல்லோணும்.

"மேடம், இவங்களை ஒண்ணும் சொல்லாதீங்க. இவங்க பாப்பாவுக்கு இந்த ரயிலுன்னா உசுரு. நாலு வயசுல காய்ச்சல்ல போயிருச்சு. வருசா வருசம் அது பொறந்த மாசத்துல வந்து, அது உக்காந்த சீட்டுக்குப் பின்னால உக்காந்துட்டுப் போவாங்க. மேகலான்னு பேரு. இருந்திருந்தா இந்தப் பங்குனியோட பன்னெண்டு முடிஞ்சிருக்கும்னு சாரு சொன்னாரு."

யாரோட பாப்பான்னு கேக்கத் தான் போனேன். மேகலாங்கற பேரைக் கேட்டதும் வாய் தானா மூடிக்கிச்சு.

மேகலா என்கூட எட்டாவது படிச்ச புள்ளை. கயிறு தாண்டறதுல அவளை அடிச்சுக்க ஆளில்லை. நமக்கு ஒண்ணு பொறந்தா அந்தப் பேரு தான் வெக்கோணும்னு, அந்த மூணரை மாசம் இருந்துச்சு பாரு, அப்ப ஒரே ஒரு நாளு அவருகிட்டச் சொல்லியிருக்கறேன். எங்கம்மாவுக்குக் கூடத் தெரியாது. டாக்டரம்மா பங்குனியில பொறக்கும்னு தேதி குடுத்திருந்தாங்க. எல்லாம் எனக்கு அந்த எடத்துல நின்னு தான் ஞாபகத்துக்கு வருது. ஏன் பங்குனி, ஏன் காலிச் சீட்டு, எல்லாம்.

அந்த ஜூஸு. செத்தவங்களுக்கு என்ன பிடிக்குமோ அதைப் படையல்ல வெப்போம்ல, அப்படி வெச்சிருக்கறாரு ஆறுச்சாமி. ஏழு வருசமா படையலைச் சப்புக் கொட்டிக் குடிச்சிருக்கறேன் நான்.

சூப்பர்வைசரம்மா வந்து என் தோளைத் தொட்டு, மன்னிச்சுக்கங்கம்மான்னாங்க. அவங்க கண்ணு கலங்கியிருந்துச்சு. எங்கூட்டுக்காரரு வந்தாரு. ஏறி உக்காந்தோம். ஜூஸ் வந்துச்சு, நான் தொடலை. அவரு ஜூஸைப் பாத்தாரு, என்னைப் பாத்தாரு. காளானுக்குள்ள இருட்டானதும், தெரிஞ்சிருச்சான்னு கேட்டாரு.

வேன்ல திரும்பறப்ப எதுக்குன்னு மட்டும் கேட்டேன். நீ அன்னைக்கு அழுதுட்டுப் போனே, எப்படியாவது உன்னை ஏத்தோணும்னு வாயில வந்ததைச் சொன்னேன், அப்பறம் மாத்த முடியலைன்னாரு. வேற பேரா கெடைக்கலை ஊர்லன்னேன். சேவூரும் தாண்டிருச்சு. அப்பறம் ரோட்டைப் பாத்துட்டே சொல்றாரு, எனக்கும் ஒரு எடத்துல அவளைப் பத்திப் பேசோணும்ல சாந்தான்னு.

அவளைப் பத்தியாமா. எவளைப் பத்தி? என் வயித்துல இருந்தது கண்ணு அது. வலி எனக்கு. பெரியாஸ்பத்திரி வெராந்தாவுல மல்லாக்கக் கெடந்தது நான். இவரு வெளிய நின்னுட்டு இருந்தாரு, அவ்வளவு தான். அதை எடுத்து, அதுக்குப் பேரு வெச்சு, கவுனு போட்டு, ரயில்ல ஏத்தி, காய்ச்சல் வர வெச்சுக் கொன்னும் போட்டாரு. என்னை ஒரு வார்த்தை கேக்கலை. ஆறுச்சாமிகிட்டப் பேசற ஆளு, வேன்ல வர்ற கொழந்தைககிட்டப் பேசற ஆளு, எங்கிட்டப் பேசறதுக்கு என்ன?

பட்டன் டப்பாவா? ஆமா, நான் தான் குடுத்தேன். அது வேற.

அதையும் விட எது சுட்டுச்சு தெரியுமா? கொழந்தை இல்லாதவளா ஒரே ஒரு எடத்துல நான் தலை நிமிந்து ஏறி உக்காந்தேன்னு இருந்தேன். என் வாயால ஜெயிச்ச எடம், பையில்லாத எடம்னு. அங்கயும் என்னை அம்மாவாக்கித் தான் ஏத்தியிருக்கறாங்க. ஆறுச்சாமி தொப்பியைக் கழட்டுனது எனக்கில்லை. புள்ளையைப் பறிகொடுத்தவளுக்கு.

பதினஞ்சு நாளு நான் அவருகிட்டப் பேசலை. சோத்தைப் போட்டு வெப்பேன், நகந்துருவேன். அவரு தின்னுட்டுத் தட்டைக் கழுவி வெச்சுட்டு, வேனைத் தொடைக்கறேன்னு வாசல்ல நிப்பாரு. தொடைச்ச கண்ணாடியையே தொடைப்பாரு. நிக்கட்டும்னு விட்டுட்டேன்.

இன்னைக்குக் காலையில லைனிங் துணி எடுக்கப் போறேன்னு சீட்டெழுதி வெச்சுட்டு, நேரா பார்க்குக்குப் போனேன். உண்மையைச் சொல்லிரோணும். எனக்குக் கொழந்தையே பொறக்கலீங்க, எங்கூட்டுக்காரரு சொன்னது பொய்யிங்க, கொழந்தை இல்லாமயே ஏத்தறதுன்னா ஏத்துங்க, இல்லைன்னா விடுங்க. இதைத் தான் பஸ்ல மனப்பாடம் பண்ணிட்டே போனேன்.

பரீச்சை நேரம், கூட்டமே இல்லை. ஆறுச்சாமி அந்தப் புழுவோட தலையைத் துணி வெச்சுத் தொடைச்சுட்டு இருந்தாரு. என்னைப் பாத்ததும் தொப்பியைக் கழட்டிட்டாரு.

"ஏனுங்கம்மா, ஒருத்தரா வந்திருக்கறீங்க. சாருக்கு ஒடம்பு கிடம்பு செரியில்லீங்களா?"

நல்லா இருக்காருங்க, உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணுங்கன்னேன். மொதல்ல உக்காருங்கம்மான்னு பெட்டியைத் தெறந்தாரு. என் சீட்டைத் தொடைக்கறதுக்கு முன்னால அந்தச் சின்னச் சீட்டைத் தொடைச்சாரு. தொடைச்சுட்டே சொல்றாரு.

"நானே உங்களைக் கேக்கோணும்னு இருந்தேனுங்க. அன்னைக்கு ஜூஸ் அப்படியே இருந்துச்சு. வருசா வருசம் காலிப் பாக்கெட்டு தான் கெடக்கும். சாரு தொட மாட்டாருன்னு தெரியும், நீங்க தான் குடிச்சிருப்பீங்க. இருந்தாலும் பாப்பாவே வந்து குடிச்சுட்டுப் போன மாதிரி எனக்கு ஒரு நெறைவு. இந்த வருசம் என்ன கொறை வெச்சனோன்னு பதினஞ்சு நாளா மனசே செரியில்லீங்க."

மனப்பாடம் பண்ணுனது அப்படியே வாயில இருக்குது கண்ணு. எனக்குக் கொழந்தையே, அது வரைக்கும் வந்திருச்சு. அந்த ஆளு தொப்பியைக் கையில வெச்சுட்டு என் மூஞ்சியவே பாத்துட்டு நிக்கறாரு. நான் சொல்றேன், மேகலாவுக்கு மாம்பழம் ஆகாதுங்க, ஒடம்பெல்லாம் கட்டி வந்துரும், சின்னதுல தெரியாமக் குடுத்துட்டோம், இனிமே பன்னீர் சோடா வாங்கி வெய்ங்கன்னு.

நான் தான் சொன்னேன். என் வாய் தான். யாரும் கேக்கலை.

நெம்பப் பெரிய தப்பு பண்ணிட்டனுங்களேன்னு அந்த ஆளு கையெடுத்துக் கும்புடறாரு. அதோட விட்டனா? அந்தச் சீட்டைப் பாத்தேன். பன்னெண்டு வயசுன்னா கவுனு முப்பத்திரண்டு இன்ச்சு வெக்கோணும். இது அவளுக்குப் பத்தாதுங்க, முட்டி இடிக்கும்னும் சொல்லிட்டேன். ஆமாங்கம்மா, வளந்திருப்பாங்கல்லன்னு அவரும் அந்தச் சீட்டுக்கும் பெட்டியோட முன்பக்கத்துக்கும் நடுவுல கை வெச்சு அளந்து பாக்கறாரு. பட்டப் பகல்ல ரெண்டு பேரு நின்னு இல்லாத புள்ளைக்குக் காலு அளந்துட்டு இருந்தோம்.

அப்பறம் வண்டியை எடுத்தாரு. நான் ஒருத்தி தான். சிரிக்கக் கூடாதுன்னு பல்லைக் கடிச்சுட்டு உக்காந்திருந்தேன். தண்ணி விழுந்ததும் எப்பவும் போலக் கத்திட்டேன். அதுக்கும் எம்மேல எனக்கே கோவம்.

அவரை மன்னிச்சுட்டேன்னு நெனைக்காதே. மன்னிக்கறதாவது. ஏழு வருசம் என்னை முட்டாளாக்குன மனுசன். அவரு பொய் சொன்னாருன்னு சொல்லப் போன எடத்துல என் வாயே என்னைக் காட்டிக் குடுத்திருச்சே, அது தான் எனக்கு ஆறலை.

பாரு, போனு அடிக்குது. அவரு தான், நாலாவது தடவை. அடிக்கட்டும்.

நம்பியூர் வந்திருச்சு கண்ணு. இந்தா உன் பை, பத்தரமா எறங்கு. நான் இன்னைக்கு அவருகிட்டப் பேசித் தான் ஆகோணும். பேசலைன்னா அடுத்த பங்குனிக்கு அவரு பாட்டுக்குப் போயி மாம்பழ ஜூஸே வெய்யுங்கம்பாரு, ஆறுச்சாமிக்கு முன்னால நான் பொய்க்காரி ஆயிருவேன். பதினஞ்சு நாள் கழிச்சுப் பேசற மொத வார்த்தை என்னன்னு பாரு, மேகலாவுக்கு மாம்பழம் ஆகாது.